ஈஐ எடுத்தபடி வொலன்ரியர் வேலையும் புதுப் படிப்பும்: ஸ்காபரோவில் நான் செய்த விதம்

2023 ஜனவரி கடைசியில் எங்கள் பக்டரி பூட்டப்பட்டது. கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் இடம். பதினான்கு வருடம் ஒரே மெஷின் வரிசையில் நின்று, வார்ப்பில் விழும் பிசிறை வெட்டி, ஓட்டை உடைசல் பார்த்துப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். கடைசி நாள் சாப்பாட்டு அறையில் ஈஐ பற்றி, அதாவது வேலை போனவருக்கு அரசாங்கம் தரும் காப்புறுதிக் காசு பற்றி, ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "வொலன்ரியர் வேலைக்குப் போனால் ஈஐயை வெட்டிப் போடுவாங்கள்" என்றார் ஒரு அண்ணை. "படிக்கப் போனால் மூச்சு விடாதே, கேட்டால் இல்லை எண்டு சொல்லு" என்றார் ஒரு அக்கா. இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். இரண்டுமே பிழை.

அடுத்த பதினைந்து மாதத்தில் நான் ஈஐயும் எடுத்தேன், முதியோர் இல்லமொன்றில் வொலன்ரியர் வேலையும் செய்தேன், கொலிஜுக்கும் போனேன். எதையும் ஒளிக்கவில்லை. எங்கே சறுக்கினேன், எதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருப்பவர்களுக்கு. வேறு மாகாணத்தில் ஈஐ இதேதான், ஆனால் படிப்புக்குக் காசு தரும் திட்டம் வேறாக இருக்கும்.

முதலில் விண்ணப்பம். வேலை போன அன்றோ மறுநாளோ ஒன்லைனில் போட்டுவிடுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால் காசை இழக்க நேரிடலாம். கொம்பனி ஆர்ஓஈ (வேலை செய்த காலத்தையும் சம்பளத்தையும் காட்டும் பத்திரம்) தரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இப்போது பெரும்பாலும் அவர்களே அதை நேராக, ஈஐயைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுவார்கள். கடந்த 52 வாரத்தில் நீங்கள் வேலை செய்த மணித்தியாலங்களைப் பார்ப்பார்கள். உங்கள் பகுதியில் வேலையில்லாதோர் வீதம் எவ்வளவு என்பதைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை தேவைப்படும். தானாக வேலையை விட்டவருக்கு, தகுந்த காரணம் இல்லாவிட்டால், கிடைக்காது.

தொகை, வரி வெட்டுக்கு முந்திய சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம். எனக்கு ஓவர்டைமோடு சேர்த்துச் சராசரி 900 டொலர் வந்தது, ஆகவே வாரம் 495. அதிலும் வரி கழியும். மேல் எல்லை ஒன்று இருக்கிறது: 2023இல் வாரம் 650 டொலர், 2025இல் 695. எத்தனை வாரம் என்பது 14 முதல் 45 வரை, அதுவும் உங்கள் மணித்தியாலத்தையும் பகுதியையும் பொறுத்தது.

எனக்கு முதல் அதிர்ச்சி, காசு உடனே வராததுதான். வருடத்துக்கு ஒரு வாரம் என்று பதினான்கு வாரச் சம்பளத்தைக் கொம்பனி செவரன்ஸ் காசாகக் கணக்குத் தீர்த்துத் தந்திருந்தது. அந்தக் காசு வார வாரமாகப் பங்கிடப்பட்டு, அது தீரும்வரை ஈஐ தொடங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் காத்திருப்பு. மே நடுப்பகுதியில்தான் முதல் காசு வந்தது. 2025 வசந்தத்தில் அமெரிக்க வரிகளால் வேலைகள் ஆட்டம் கண்டபோது இந்த இரண்டையும் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நீங்கள் போடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று பாருங்கள். எப்படி இருந்தாலும், "செவரன்ஸ் முடியட்டும், பிறகு போடுவோம்" என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் அன்றைக்கே போக வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி

ஈஐக்கு விண்ணப்பித்த பிறகு இரு கிழமைக்கு ஒருமுறை றிப்போட் போட வேண்டும். ஒன்லைனில் ஐந்து நிமிட வேலை, இல்லாவிட்டால் போனில் அழுத்தலாம். வேலை செய்தீர்களா, காசு ஏதும் வந்ததா, படிப்பில் சேர்ந்தீர்களா, கனடாவுக்கு வெளியே போனீர்களா என்று கேட்கும். கூடவே இன்னொரு கேள்வி: திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் வேலை செய்யத் தயாராகவும், விருப்பத்தோடும், இயலுமான நிலையிலும் இருந்தீர்களா?

மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்குள்தான் வந்து விழுகின்றன. தொண்டு நல்லதா, படிப்பு பயனுள்ளதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. நாளைக்கே ஒரு வேலை வந்தால் போவீர்களா? போக முடியாதபடி எதிலாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? அதைத்தான் பார்க்கிறார்கள். இது புரிந்தபிறகு எனக்கு அரைவாசிக் குழப்பம் தீர்ந்தது. அதற்கு முன்பு, ஏதோ வீட்டில் சும்மா இருந்தால்தான் காசு தருவார்கள் என்பதுபோல யன்னல் திரையைக்கூட இழுத்துவிட்டு இருந்தேன்.

தயார் என்று சொன்னால் போதாது, தேடியதற்கு அடையாளம் வேண்டும். நான் மகனின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்: திகதி, இடம், என்ன வேலை, யாரோடு கதைத்தேன், என்ன பதில். அரசாங்கத்தின் ஜொப் பாங்க் வேலைத் தளத்திலிருந்து வேலை அறிவித்தல் மின்னஞ்சலில் வரும், அதையும் அழிக்காமல் வைத்தேன். ஈஐக்காக அந்தக் கொப்பியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் பிறகு படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதுதான் என் முக்கியச் சாட்சி. மாதக்கணக்கில் தேடியும் பக்டரி வேலை கிடைக்கவில்லை என்பதை வேறு எதைக் காட்டி நிரூபிப்பது?

வொலன்ரியர் வேலை

முதியோர் இல்லத்துக்குப் போகும் எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை அங்கே சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். அவருக்கு நினைவு மங்கி, நாற்பது வருடம் பேசிய ஆங்கிலம் கழன்று, தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் என்ன கேட்கிறார் என்று அங்கே வேலை செய்தவர்களுக்கு விளங்கவில்லை. மாலை ஆனால் அழுகிறார் என்று மட்டும் சொன்னார்கள். "விளக்கு வைச்சாச்சோ, வைச்சாச்சோ" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். மேசை விளக்கைப் போட்டுவிட்டு "வைச்சாச்சு அம்மா" என்றேன். அடங்கிவிட்டார். போகும்போது ஒருங்கிணைப்பாளர் என்னிடம் விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தந்தார்.

படிவம் கொடுத்த உடனே தொடங்க முடியாது. முதியவர்களோடு வேலை என்பதால் பொலிஸ் பரிசோதனை, அதிலும் பலவீனமானவர்களோடு பழகுவோருக்கான விரிவான பரிசோதனை வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் கேட்டார்கள். இதற்கே வாரக்கணக்கில் போய்விடும். ஆகவே வேலை போன முதல் மாதமே தொடங்குங்கள்.

அந்த இடத்தில் நான் இரண்டு விஷயத்தை முதலிலேயே கதைத்து வைத்தேன். ஒன்று, இன்ரர்வியூ வந்தால் அன்றைக்கு வர மாட்டேன், வேலை கிடைத்தால் அடுத்த நாளே நிற்பேன். இதை எழுத்தில் தரும்படி கேட்டேன், ஒரு சிறிய மின்னஞ்சலாகத் தந்தார்கள். இரண்டு, வாரத்துக்கு இரண்டு நாள், காலை மட்டும். ஐந்து நாளும் முழுநேரமும் ஓரிடத்தில் நின்றுவிட்டு "வேலைக்குத் தயாராக இருந்தேன்" என்று அழுத்துவது எடுபடாது, நியாயமும் இல்லை.

பிறகு சேர்விஸ் கனடாவுக்குப் போன் எடுத்து (1-800-206-7218, காலையில் திறந்த உடனேயே எடுத்தால் காத்திருப்பு குறைவு) சம்பளம் இல்லாத தொண்டு, இத்தனை மணித்தியாலம், வேலை வந்தால் விடுவேன் என்று சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் என்றார் அந்தப் பெண். நானும் அவர் கதைத்த நாளையும் நேரத்தையும் கொப்பியில் குறித்தேன். றிப்போட்டில் வேலை பற்றிய கேள்விக்குள் சம்பளமில்லாத வேலையும் அடங்கும் என்பதால், இப்படி முன்கூட்டியே சொல்லி, எப்படி நிரப்புவது என்று அவர்களிடமே கேட்டுவிடுவது மனதுக்கு நிம்மதி.

பஸ் காசைத் திருப்பித் தருவது செலவை ஈடுசெய்வது, அது வருமானமில்லை. ஆனால் சில அமைப்புகள் வொலன்ரியருக்கு மாதக் கடைசியில் ஒரு சன்மானத் தொகை கொடுக்கும். கையில் காசாக வரும் எதையும் வருமானமாக எழுதுங்கள். எழுதினால் முழு ஈஐயும் போய்விடாது: உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈஐயில் 50 சதம்தான் குறையும், உங்கள் பழைய வாரச் சம்பளத்தின் 90 வீதம் வரை. அதற்கு மேல் போனால்தான் டொலருக்கு டொலர் வெட்டு. எழுதும்போது வெட்டுக்கு முந்திய தொகையை, உழைத்த கிழமையில் எழுத வேண்டும், காசோலை வந்த கிழமையில் இல்லை. இந்த ஒரு பிழையில் மாட்டிய ஆட்கள் எங்கள் பக்டரியிலேயே இருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். தெரிந்தவரின் கடையில் "சும்மா உதவிக்கு" நிற்பது தொண்டு இல்லை. இலாபத்துக்கு நடக்கும் கடையில், சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை நீங்கள் செய்தால் அது வேலைதான். சம்பளத்துக்குப் பதில் மரக்கறியும் கொத்துரொட்டியும் கட்டித் தந்தாலும் வேலைதான். மாமாவின் கடை என்பதால் அது மாறாது. முதியோர் இல்லத்திலும் இந்தக் கோடு உண்டு. நான் சக்கர நாற்காலி தள்ளினேன், பிங்கோ நடத்தினேன், தேத்தண்ணி கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தேன். ஆட்களைத் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் சம்பளத்துக்கு இருப்பவர்களின் வேலை, தொடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

படிப்பு: வரிசை மாறினால் காசு போகும்

மூன்று மாதம் போய்வந்த பிறகு, இதையே தொழிலாகப் படிக்கலாம் என்று தோன்றியது. பிஎஸ்டபிள்யூ, அதாவது முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளர் படிப்பு. கொலிஜில் இரண்டு பருவம். அதற்கு ஆங்கிலத் தேர்வு இருக்கிறதே என்று பயந்து மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன், வாரத்துக்கு இரண்டு இரவு.

அங்கேதான் சறுக்கினேன். றிப்போட்டில் "பாடநெறியில் சேர்ந்தீர்களா" என்றதற்கு "இல்லை" என்று அழுத்திவிட்டேன். இரவு வகுப்பெல்லாம் படிப்பா என்று நினைத்தேன். இரண்டு றிப்போட் கழிந்துதான் உறைத்தது. இரவெல்லாம் நித்திரை இல்லை. காலையில் போன் எடுத்து நானே சொன்னேன். அவர்கள் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நீங்களாகச் சொன்னால் அபராதம் போட மாட்டார்கள். கூடுதலாக வாங்கிய காசு இருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர்களாகக் கண்டுபிடித்தால் அபராதம், அடுத்த முறை ஈஐ எடுக்கக் கூடுதல் மணித்தியாலம் என்று நீளும். என்னிடம் சில கேள்விகள் கேட்டார்கள். எத்தனை மணித்தியாலம், எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு கட்டினீர்கள், கடைசியாக: முழுநேர வேலை ஒன்று கிடைத்து அது வகுப்பு நேரத்தோடு மோதினால் என்ன செய்வீர்கள்? "வகுப்பை விட்டுவிடுவேன்" என்றேன். அதுதான் உண்மையும். எனக்கு ஒன்றும் வெட்டவில்லை. பகுதிநேரப் படிப்பு, அதிலும் இரவுப் படிப்பு, வேலை தேடுவதைத் தடுக்காதவரை பிரச்சினை இல்லை.

முழுநேரப் படிப்பு வேறு கதை. நீங்களாகப் போய்ச் சேர்ந்தால், வேலைக்குத் தயாராக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், மாறாக நிரூபிப்பது உங்கள் பாடு. ஆனால் ஈஐ சட்டத்தின் 25ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்று உங்களை அந்தப் படிப்புக்கு அனுப்பினால், படிக்கும் காலம் முழுவதும் நீங்கள் வேலைக்குத் தயாராக இருப்பவராகவே கணக்கு. ஈஐயும் தொடரும். ஒன்ராறியோவில் இந்த அனுமதி "எம்ப்ளோய்மென்ற் ஒன்ராறியோ" நிலையங்கள் ஊடாகக் கிடைக்கும். படிப்புச் செலவுக்கு "பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ" திட்டம். 2008இல் "செக்கண்ட் கெரியர்" என்று தொடங்கியது இதுதான், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். நான் போட்டபோது 28,000 டொலர் வரை தரலாம் என்றிருந்தது: படிப்புக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து. வீட்டு மொத்த வருமானத்தைப் பார்த்து, நீங்களும் ஒரு பங்கு கட்ட வேண்டி வரலாம்.

இந்தப் பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். அனுமதி கைக்கு வருமுன் படிப்பைத் தொடங்காதீர்கள், காசும் கட்டாதீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவரிடம் ஒரு தனியார் கொலிஜ்க்காரர் "இந்தத் திங்கள் வகுப்பு தொடங்குகிறது, முற்பணம் கட்டிவிட்டு உட்காருங்கள், அனுமதியைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் உட்கார்ந்தார். ஏற்கெனவே தொடங்கிய படிப்புக்குத் திட்டம் காசு தரவில்லை, ஈஐயும் நின்றது. முற்பணமும் திரும்பவில்லை. "ஆசனம் முடியப் போகிறது" என்று அவசரப்படுத்தும் இடத்தில் நான் காலை எடுத்து வைப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு என்ன கேட்டார்கள்? வேலை போன கடிதம், ஈஐ விபரம், வேலை தேடிய சாட்சி (கொப்பி!), வீட்டு வரவு செலவு. அப்புறம் இரண்டு வீட்டுப்பாடம். ஒன்று, இந்தத் தொழிலுக்கு வேலை இருக்கிறது என்று காட்டுவது. ரொறொன்ரோ வட்டாரத்தில் வந்த பிஎஸ்டபிள்யூ வேலை விளம்பரங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு, மூன்று கல்வி நிலையங்களை ஒப்பிட்டு ஏன் ஒன்றைத் தேர்ந்தேன் என்று எழுதுவது. வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய சென்ரெனியல் கொலிஜையும் வேறு இரண்டையும் எடுத்துக் கட்டணம், காலம், தூரம் எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். ஏன் இந்தத் தொழில் என்ற இடத்தில்தான் என் வொலன்ரியர் வேலை கைகொடுத்தது. இத்தனை மணித்தியாலம் அங்கே இருந்தேன், மலமூத்திர மணமும் தெரியும், சாவும் பார்த்தேன், இருந்தும் போக விரும்புகிறேன் என்று ஒருங்கிணைப்பாளர் தந்த கடிதத்தோடு எழுத முடிந்தது. எம்ப்ளோய்மென்ற் ஒன்ராறியோ நிலையத்துக் கவுன்சிலர் அதைத்தான் இரண்டாவது முறையும் வாசித்தார்.

மே கடைசியில் முதல் சந்திப்பு. ஓகஸ்ட் நடுவில் அனுமதி. செப்ரெம்பரில் வகுப்பு. இடையில் வந்த இரண்டு இன்ரர்வியூவுக்கும் போனேன், ஏனென்றால் அனுமதி வரும்வரை நீங்கள் இன்னும் வேலை தேடுகிற ஆள்தான். வகுப்பு தொடங்கியதும் றிப்போட்டில் படிப்புக் கேள்விக்கு "ஆம்", அனுமதி பெற்ற படிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தந்த தொடங்கும் நாளும் முடியும் நாளும் கொலிஜின் நாட்களோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். எனக்கு ஒரு கிழமை வித்தியாசம் இருந்து, அதைத் திருத்த மூன்று போன் எடுக்க வேண்டியதாயிற்று.

படிப்பு ஏப்ரல் வரை, என் ஈஐயோ ஜனவரி கடைசியோடு முடிந்துவிட்டது. படிக்கிறேன் என்பதற்காக வாரங்களை நீட்ட மாட்டார்கள். மிச்ச மாதங்களுக்கு அந்தத் திட்டத்திலிருந்தே வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகை கிடைத்தது. ஆனால் அது தானாக வரவில்லை, ஈஐ முடியும் திகதியை நவம்பரிலேயே கவுன்சிலரிடம் சொல்லிக் கேட்டேன்.

மறுத்து ஒரு கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். மறுபரிசீலனை கேட்க 30 நாள் தருவார்கள், அதற்குக் காசில்லை. அதிலும் மறுத்தால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது.

ஊருக்குப் போகிற ஆட்களுக்கு: கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குப் பொதுவாக ஈஐ கிடையாது. நெருங்கிய உறவினரின் செத்தவீடு, கடும் நோய் போன்ற சில காரணங்களுக்கு ஏழு நாள் வரை விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு ஏழு நாளில் போய்வருவதென்றால் பாதி விமானத்திலேயே போய்விடும், அது வேறு. போனால் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லையில் நீங்கள் போய்வந்த நாள் அவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக வரி. ஈஐ வருமானம்தான், அடுத்த வருடம் ரி4ஈ என்று ஒரு சீட்டு வரும். வார வாரம் கழிக்கும் வரி பெரும்பாலும் போதாது. வேறு வருமானமும் அந்த வருடம் இருந்தால், என்னைப்போலச் செவரன்ஸ் காசு, ஏப்ரலில் கட்ட வேண்டி வரும். கூடுதலாகக் கழிக்கும்படி சேர்விஸ் கனடாவிடம் முதலே கேட்கலாம். நான் கேட்கவில்லை. கடைசிப் பரீட்சை நடந்த அதே கிழமைதான் வரிக் கணக்கும் வந்தது. என் கணவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்தார், பரீட்சை முடியும்வரை நான் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.